செல்ஃப் எடுக்காத காருக்குத் திருச்செந்தூர் ரோட்டில் ஒரு கடை

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று போய் நின்றால் முதலில் பேட்டரியை மாற்றச் சொல்வார்கள். மாற்றியும் சரியாகவில்லை என்றால் எஞ்சினை முதலில் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றச் சொல்வார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் "வயரிங் கம்ப்ளைன்ட் அண்ணாச்சி, எங்கன்னு தேட?" என்று கைவிரிப்பார்கள். திருநெல்வேலியில் கொஞ்சம் பழைய கார் வைத்திருக்கிற பலருக்கும் இது பழகிய கதை. அதனால்தான் எதையும் கழற்றுவதற்கு முன்னால் மீட்டரை வைத்து அளந்து, எது கெட்டிருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று நம் கண்ணெதிரே காட்டிவிட்டு வேலையைத் தொடங்குகிற ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் கடையைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் சாவியைத் திருப்பினால் உங்கள் கார் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது என்றால் முழுக்கப் படியுங்கள், நாலைந்தாயிரம் ரூபாய் மிச்சமாகலாம்.

பாளையங்கோட்டையிலிருந்து கிருஷ்ணாபுரம் போகிற வழியில், திருச்செந்தூர் ரோட்டின் மேலேயே இருக்கிறது. தனியாகப் பேர்ப்பலகை எதுவும் கிடையாது, ஷட்டரில் மட்டும் 'ஆட்டோ எலக்ட்ரிக்கல் ஒர்க்ஸ்' என்று நீலப் பெயிண்டில் எழுதியிருக்கும். முன்னால் தகர ஷெட், அதை ஒட்டி ஒரு வேப்பமரம், இரண்டு கார் நிற்கிற அளவுக்கு இடம். உள்ளே போனால் ஒரு சுவர் முழுக்கப் பழைய செல்ஃப் மோட்டார்களும் டைனமோக்களும் அடுக்கியிருக்கும், மேஜையில் வைஸ், பேட்டரி சார்ஜர், கார்பன் பிரஷ் டப்பாக்கள். கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். கூட ஒரு பையன் வேலை பார்க்கிறான்.

என் வண்டி பத்து வருசம் தாண்டிய சின்ன பெட்ரோல் கார். போன கோடையில் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். வெயிலில் ஓட்டிக்கொண்டு போய் எங்கேயாவது நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் 'டக்'. அவ்வளவுதான், மோட்டார் சுற்றாது. டாஷ்போர்டில் விளக்கெல்லாம் பளிச்சென்று எரியும், ஹாரன் கணீரென்று அடிக்கும், ஆனால் எஞ்சின் அசையாது. கொஞ்ச நேரம் விட்டுப் பிடித்தால் ஒருவேளை எடுக்கும், இல்லையென்றால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். வண்ணார்பேட்டை பக்கம், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில், குடும்பத்தை உள்ளே வைத்துக்கொண்டு காரைத் தள்ளுவது என்ன அவஸ்தை என்று நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். அவர்கள் போனட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேட்டரி போய்விட்டது என்று புது பேட்டரி போட்டார்கள். கொஞ்ச நாள் எந்தத் தொந்தரவும் இல்லை, அப்புறம் பழைய கதை. திரும்பப் போனால் செல்ஃப் மோட்டார் மாற்ற வேண்டும் என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பேட்டரி புதுசு, அப்புறம் வேறு என்ன இருக்கும் என்பதுதான் பதில். மீட்டர் என்ற ஒன்றை அவர்கள் எடுக்கவே இல்லை. சொந்தக்காரர் ஒருவர்தான் திருச்செந்தூர் ரோட்டுக் கடையைச் சொல்லி அனுப்பினார்.

அண்ணாச்சியிடம் எனக்கு முதலில் பிடித்தது, அவர் போனட்டைத் திறக்கவே இல்லை, கேள்விதான் கேட்டார். "சத்தம் ஒண்ணா வருதா, படபடன்னு வருதா, சத்தமே இல்லையா?" "அப்ப ஹெட்லைட்டு மங்குதா, அப்படியே எரியுதா?" "வண்டி ஆறி இருக்கும்போதா, ஓட்டிட்டு வந்து நிப்பாட்டின பிறகா?" "பேட்டரி எப்ப மாத்துனிய?" கடைசியாக ஒன்று கேட்டார், அதை வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை: "வெள்ளத்துல வண்டி நின்னுச்சா தம்பி?"

நின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டெல்லாம் மூழ்கிய அந்த நாட்களில் எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறி, காரின் சக்கரம் மூடுகிற உயரத்தில் சேறும் சகதியுமாக நின்றது. பின்னால் ஆயில் மாற்றி, பிரேக் சுத்தம் பண்ணி, உள்ளே சீட்டையெல்லாம் காயவைத்து வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கும் இப்போதைய தொந்தரவுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அவர் நினைத்தார். வெள்ளத்துக்குப் பிறகு இந்த மாதிரி வண்டிகள் தன்னிடம் வந்துகொண்டே இருப்பதாகச் சொன்னார், உடனே வராது, மாதக்கணக்கில் கழித்துத்தான் காட்டும் என்றும் சொன்னார்.

அவர் கேட்ட கேள்விகளுக்கு என்ன அர்த்தம் என்று பின்னால் நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் இதைச் சரியாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். படபடவென்று வேகமாகச் சத்தம் வந்து, கூடவே விளக்கு மங்கினால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, இல்லையென்றால் டெர்மினல் பிடிக்கவில்லை. சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற காந்த சுவிட்ச்) இழுக்கிறது, இழுத்ததும் வோல்டேஜ் விழுகிறது, விழுந்ததும் விட்டுவிடுகிறது, மறுபடியும் இழுக்கிறது, அதுதான் அந்தப் படபடப்பு. ஒரே ஒரு 'டக்' வந்து, விளக்கு மங்காமல் அப்படியே எரிந்தால், மோட்டாருக்குப் போகவேண்டிய கரண்ட் போகவே இல்லை. சொலினாய்டுக்கு உள்ளே இருக்கிற காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், கேபிளிலோ எர்த்திலோ (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற நெகட்டிவ் பக்கத்து வழி) பிரச்சினை இருக்கலாம். ஒரு 'டக்' வந்து விளக்கு ரொம்பவே மங்கினால், கரண்ட் போகிறது ஆனால் மோட்டார் இறுகி நிற்கிறது, அல்லது பேட்டரி ரொம்பப் பலவீனம். சத்தமே இல்லை என்றால் சாவி சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் பக்கம் போகவேண்டும், ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால் நியூட்ரல் சுவிட்சையும் பார்க்கவேண்டும்.

சரி, என் வண்டிக்கு வருவோம். வெயிலில் ஓட்டிக்கொண்டு போனதால் தொந்தரவு கையோடு இருந்தது, கடை வாசலில் அணைத்துவிட்டுத் திருப்பினால் 'டக்'. "நல்லது, இப்பவே காட்டுது" என்று சொல்லிக்கொண்டே மீட்டரை எடுத்தார். பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார், 12.6 காட்டியது. எஞ்சின் அணைந்து கொஞ்ச நேரம் ஆன பிறகு 12.6 இருந்தால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது என்று அர்த்தம், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. "பேட்டரி சோக்காத்தான் இருக்கு" என்றார். அப்புறம் பையனை உள்ளே உட்காரவைத்து, "ஏலே, சாவியத் திருப்பிப் பிடி" என்றார். 'டக்'. மீட்டரில் 12.1.

இந்த எண்ணைப் பார்த்ததும் அவர் தலையை ஆட்டினார். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது சின்ன காரிலேயே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அவ்வளவு இழுத்தால் நல்ல பேட்டரியிலும் வோல்டேஜ் பத்தரை, பதினொன்று என்று இறங்கியே ஆகவேண்டும். 12.1-லேயே நிற்கிறது என்றால் பேட்டரிக்கு வேலையே வரவில்லை. அதாவது பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வாங்கிக்கொள்ள வழி இல்லை.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தக் கடையின் சிறப்பு. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் மேல் வைத்தார். கவனியுங்கள், கிளாம்ப்பின் மேல் இல்லை, ஈயக் கம்பத்தின் மேலேயே. இன்னொரு முனையை எஞ்சின் இரும்பில் பெயிண்ட் இல்லாத இடமாகப் பார்த்து அழுத்தினார். சாவியைத் திருப்பச் சொன்னார். இரண்டும் எர்த்துதான், இரண்டுக்கும் நடுவே வோல்டேஜே இருக்கக்கூடாது, மோட்டார் இழுக்கிற நேரத்தில் 0.2, அதிகம் போனால் 0.3. என் வண்டியில் 8 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரியில் இருந்து கிளம்புகிற 12 வோல்ட்டில் பெரும்பகுதி அந்த ஒரு எர்த் கேபிளிலேயே தின்று தீர்ந்துவிடுகிறது, மிச்சத்தில் மோட்டார் எப்படிச் சுற்றும்? அதே மாதிரி பாசிட்டிவ் பக்கமும் பார்த்தார், பேட்டரியில் இருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரை கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டவில்லை, அந்தப் பக்கம் சுத்தம். பேட்டரி நெகட்டிவுக்கும் காரின் பாடிக்கும் நடுவிலும் வைத்தார், அதுவும் சுத்தம். ஹெட்லைட்டும் ஹாரனும் ஏன் பளிச்சென்று வேலை செய்தன என்பது அப்போதுதான் விளங்கியது. நெகட்டிவில் இருந்து இரண்டு கேபிள் கிளம்புகிறது, மெல்லியது பாடிக்கு, தடித்தது கியர்பாக்ஸுக்கு. விளக்குகளுக்கு முதலாவது போதும், செல்ஃபுக்கு இரண்டாவது வேண்டும்.

"இதை மீட்டரோட பீப் சத்தம் வைச்சுப் பாத்தா தெரியாதா?" என்று கேட்டேன். ஏனென்றால் வீட்டில் வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க நாம் அப்படித்தானே பார்ப்போம். அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பயன்பட்டது. கேபிளுக்குள் ஒரே ஒரு செம்பு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும், அந்த இழை மீட்டரின் துளி கரண்டுக்குப் போதும், நூறு ஆம்பியருக்குப் போதாது. கணக்கும் நேர்தான்: 0.02 ஓம் என்பது சாதாரண மீட்டரில் தெரியவே தெரியாத எதிர்ப்பு, ஆனால் அதன் வழியே 100 ஆம்பியர் போனால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். அதனால்தான் சாவியைத் திருப்பி, லோடு இருக்கும்போதே, அதாவது மோட்டார் கரண்ட் இழுக்கும்போதே அளக்கிறார். சும்மா இருக்கும்போது எல்லா வயரும் நல்ல வயர்தான்.

அப்புறம் போனட்டுக்கு உள்ளே கையை விட்டு கிளட்ச் கேபிளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அதன் மேல்உறை எஞ்சின் பக்கத்து முனையில் வழவழப்புப் போய் இளகி, சுருங்கியிருந்தது. தடித்த எர்த் வேலை செய்யாதபோது கரண்ட் எப்படியாவது எஞ்சினில் இருந்து பாடிக்கு வழி தேடும், கிளட்ச் கேபிளுக்கு உள்ளே இருக்கிற இரும்புக் கம்பிதான் அதற்கு அகப்பட்டது, அந்தச் சூட்டில் உறை இளகியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தால் கிளட்ச் கேபிள் நடுரோட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். செல்ஃப் மோட்டாரை மாற்றியிருந்தாலும் இது அப்படியே இருந்திருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அவர் ஸ்பானரைத் தொடவில்லை. ஒரு காரின் பேட்டரியில் இருந்து இன்னொரு காருக்குக் கரண்ட் கொடுக்கிற ஜம்ப் கேபிளில் ஒன்றை எடுத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினில் ஒரு கனமான போல்ட்டிலும் மாட்டினார். அதாவது சந்தேகப்பட்ட கேபிளுக்கு இணையாக ஒரு நல்ல கேபிள். "இப்ப திருப்புலே" என்றார். சாவியைத் திருப்பின கையோடு எஞ்சின் எடுத்துவிட்டது. இதை நீங்களும் அவசரத்துக்குச் செய்யலாம், வழியில் மாட்டிக்கொண்டால் ஒற்றை ஜம்ப் கேபிள் வீடு வந்து சேரப் போதும். கேபிளை நெகட்டிவில் மட்டும்தான் மாட்டவேண்டும், சுற்றுகிற பெல்ட், ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகு வண்டியைத் தூக்கி, கியர்பாக்ஸ் அடியில் இருந்து அந்தக் கேபிளை எடுத்தார். வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை, கறுப்பு உறை முழுசாக இருக்கிறது, லக்கின் (கேபிள் முனையில் போல்ட் மாட்டுகிற உலோகத் துண்டு) மேல் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். பிளேடால் லக்கை ஒட்டி உறையை நீளவாக்கில் கீறினார். உள்ளிருந்து பச்சைப் பொடி கொட்டியது. செம்பு இழைகள் இருக்கவேண்டிய இடத்தில் பாசி பிடித்த மாதிரி பச்சையும் கறுப்பும், நகத்தால் தட்டினால் உதிர்கிறது. நாலைந்து இழைதான் ஒழுங்காக நின்றது. வெள்ளத் தண்ணீர் லக்கின் வாய் வழியே உள்ளே ஏறி, இழைகளுக்கு நடுவே ஊறி, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே இருந்து அரித்திருக்கிறது. இன்னும் உள்ளே தள்ளி வெட்டிப் பார்த்தார், ஒரு சாண் தூரத்துக்கு அப்படியேதான் இருந்தது. அதனால் லக்கை மட்டும் மாற்றினால் போதாது, முழுக் கேபிளும் மாற்றவேண்டும் என்றார். பார்த்தபிறகு மறுக்க ஒன்றுமில்லை.

புதுக் கேபிளை அங்கேயே செய்தார், 25 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கேபிள். லக்கைச் சுத்தியலால் நசுக்கவில்லை. இதை நான் குறிப்பாகச் சொல்கிறேன், பல கடைகளில் வைஸில் வைத்து ரெண்டு தட்டுதான், கொஞ்ச நாளில் ஆடிவிடும். இவரிடம் லக்கைக் கேபிளோடு அழுத்திப் பிடிக்கவைக்கிற ஹைட்ராலிக் கிரிம்ப்பிங் கருவி இருக்கிறது, இரண்டு அழுத்து, இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. மேலே உள்பக்கம் பசை உள்ள சுருங்கு ட்யூபைப் போட்டு ஹீட் கன்னால் காட்டியதும் ஓரத்தில் பசை வழிந்து மூடிக்கொண்டது, இனி அந்த வாய் வழியாகத் தண்ணீர் ஏறாது. கியர்பாக்ஸில் போல்ட் உட்காருகிற இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி ஆகும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, எல்லாம் முடிந்த பிறகு மேலே கிரீஸ் தடவினார். கிரீஸை முதலில் தடவிவிட்டு இறுக்குகிறவர்கள் உண்டு, அவர் செய்தது இறுக்கிய பிறகு, காற்றும் தண்ணீரும் படாமல் இருக்க. பேட்டரி நெகட்டிவைக் கடைசியாகத்தான் மாட்டினார். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில், இந்த ஒழுங்கை அவர் அவசரத்திலும் மாற்றவில்லை. பாசிட்டிவை ஸ்பானரால் திருகும்போது ஸ்பானர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்கத்தான் இது.

வேலை முடிந்ததும் பழையபடி அளந்துகாட்டினார். எர்த்தில் 8-க்கு மேல் இருந்தது இப்போது 0.1. பேட்டரி முனையில் 12.1 இருந்தது இப்போது 10.7. குறைந்துவிட்டதே என்று தோன்றும், ஆனால் அதுதான் சரி, இப்போதுதான் பேட்டரி வேலை செய்கிறது. 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்கவேண்டும் என்றார். எஞ்சின் ஓடும்போது 14.2 காட்டியது. 13.8-இல் இருந்து 14.5 வரை இருந்தால் டைனமோ ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது. கிளட்ச் கேபிளையும் மாற்றிவிடச் சொன்னார், அது தன் வேலை இல்லை என்று நம் வழக்கமான மெக்கானிக்கிடமே செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்.

இனி கூலி. பார்ப்பதற்கு 200 ரூபாய், கேபிளும் வேலையும் சேர்த்து 750, மொத்தம் 950. இந்த 200-ஐப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்லவேண்டும். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அதை அவர் வாங்குகிறார். நான் இருந்தபோதே ஒருவர் காரைக் கொண்டுவந்து, பார்த்ததில் பேட்டரி டெர்மினல் லூஸாக இருந்ததுதான் காரணம் என்று தெரிந்து, ஒரு ஸ்பானர் திருகில் சரியாகி, "இதுக்குப் போய் எரநூறா அண்ணாச்சி?" என்று முகத்தைச் சுளித்தார். அண்ணாச்சி சண்டை போடவில்லை. "திருகுனதுக்கு ரூவா இல்லண்ணே, வேற எதையும் கழத்தாம வுட்டதுக்குத்தான்" என்று மட்டும் சொன்னார். எனக்கு இதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை, அவர் செய்வதுதான் நியாயம். பார்க்கிற கூலியை நாம் கொடுக்க மறுப்பதால்தான் கடைக்காரர்கள் சாமான் விற்றுச் சம்பாதிக்கவேண்டியிருக்கிறது, சாமான் விற்றுச் சம்பாதிக்கவேண்டும் என்றால் நல்ல பேட்டரியையும் கெட்டது என்று சொல்லவேண்டியிருக்கிறது. கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை, மாட்டுவது சின்ன வேலை. டாக்டரிடம் கொடுப்பதை மெக்கானிக்கிடம் கொடுக்க ஏன் மனசு வரமாட்டேன் என்கிறது?

பக்கத்தில் நின்ற ஒரு குட்டியானையின் கதையும் சொல்லவேண்டும். வள்ளியூர் பக்கத்தில் இருந்து வந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை நிறுத்தினால் திங்கள் காலையில் பேட்டரி டவுன். இதற்கு அவர் மீட்டரை ஆம்பியரில் வைத்து நெகட்டிவ் கேபிளுக்கு நடுவே தொடுத்துவிட்டு, கதவையெல்லாம் மூடி, கொஞ்ச நேரம் சும்மா விட்டார். வண்டி தூங்கிய பிறகு ஐம்பது மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. இதில் 600 மில்லிக்குப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்க்க, ஒன்றைப் பிடுங்கியதும் மீட்டர் இறங்கியது, அந்த வழியில் போனால் யாரோ பின்னால் மாட்டிய ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபையர், சாவியை எடுத்தாலும் அணையாத லைனில் கொடுத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 0.6 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 14 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்கிற அலகு), 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? அதிலும் அடிக்கடி காலியாகிப் பலம் குறைந்த பேட்டரி. அவர்கள் அதற்கு முன்னால் பேட்டரி மாற்றியிருந்தார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் இந்தக் கடையில் ஓரளவுதான் பார்ப்பார். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு வினாடி ஃபியூவல் பம்ப் ஓடுகிற சத்தம் வருகிறதா, டாஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு விடாமல் மினுக்குகிறதா, பம்ப்பின் ஃபியூஸ், ரிலே ஒழுங்காக இருக்கிறதா, இவ்வளவும் பார்த்துச் சொல்வார். சாவி விளக்கு மினுக்கினால் இம்மொபிலைசர் (வேறு சாவியில் எஞ்சின் எடுக்காமல் தடுக்கிற திருட்டுப் பூட்டு) கோளாறு, நேரே கம்பெனி சர்வீஸுக்குப் போகச் சொல்லிவிடுவார். எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கிற கிராங்க் சென்சார் மாதிரி விஷயங்களுக்கு ஸ்கேனர் இருக்கிற ஆளிடம் அனுப்புவார். தெரியாததைத் தொடாமல் அனுப்புவதையும் நான் நல்ல குணமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

பேட்டரி பற்றி அவர் சொன்னதில் இரண்டு விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கு ரொம்பத் தேவை. குளிர்தான் பேட்டரிக்கு எதிரி என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். குளிர் பேட்டரியின் பலத்தைக் குறைக்கும், ஆனால் ஆயுசைக் குடிப்பது சூடு. சுமார் பத்து டிகிரி கூடினால் உள்ளே அரிப்பு இரட்டிப்பாகும் என்று ஒரு கணக்கு உண்டு. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் நிறுத்திய காரின் போனட்டுக்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி என்றால் கோடையில் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றவேண்டும், தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் பேட்டரிக்கு ஆகாது. இரண்டாவது, வழியில் நின்றுவிட்டால் லாரிக்காரரிடம் ஜம்ப் கேட்காதீர்கள். பெரிய லாரி, பஸ்ஸில் பெரும்பாலும் 24 வோல்ட், காரில் 12. காரின் கம்ப்யூட்டர் பெட்டியே புகைந்துவிடலாம். கார் டு கார் ஜம்ப் என்றால் சிவப்பு இரண்டையும் முதலில் மாட்டி, கறுப்பை நல்ல பேட்டரியில் மாட்டி, கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல் எஞ்சின் இரும்பில் மாட்டவேண்டும். பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும், கடைசியாக மாட்டும்போதுதான் பொறி பறக்கும், அந்தப் பொறி பேட்டரியை விட்டுத் தள்ளியே பறக்கட்டும்.

குறைகளும் இருக்கின்றன. போன் எடுக்கவே மாட்டார், கையில் கிரீஸ் இருக்கும்போது எப்படி எடுப்பார் என்பது சரிதான், ஆனால் தூரத்தில் இருந்து வருகிறவர்களுக்குக் கஷ்டம். வண்டி நின்ற இடத்துக்கு வந்து பார்க்கமாட்டார், எப்படியாவது கடைக்குக் கொண்டுவரவேண்டும், அசையாத வண்டி என்றால் ரெக்கவரி வண்டிக்குத் தனிச் செலவு. ஜி.எஸ்.டி. பில் கிடையாது, துண்டுச் சீட்டில் எழுதித் தருவார், இன்சூரன்ஸுக்கோ ஆபீஸில் காட்டவோ பில் வேண்டும் என்றால் இங்கே ஆகாது. உட்கார ஒரே ஒரு பெஞ்சுதான், மதியம் வெயில் நேரே ஷெட்டுக்குள் அடிக்கும், பெண்களும் வயசானவர்களும் காத்திருக்க இடம் போதாது, ஒரு ஃபேனும் நாலு நாற்காலியும் போடலாம் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன். செல்ஃப் மோட்டார், டைனமோ கழற்றி ரீகண்டிஷன் பண்ணக் கொடுத்தால் இரண்டு நாள் என்று சொல்வது நாலு நாள் ஆகிறது என்று அங்கே காத்திருந்த ஒருவர் குறைப்பட்டார். என் வேலை அன்றே முடிந்தது, அதனால் இதைப் பற்றி நான் சொந்தமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. புஷ் பட்டன் ஸ்டார்ட் வைத்த புது மாடல் வண்டிகளை அவர் அவ்வளவாக விரும்புவதில்லை, வாரன்ட்டியில் இருக்கிற வண்டியை நீங்களும் அங்கே கொண்டுபோகவேண்டாம்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். வேலைக்கு முழு ஐந்து, அந்த அரை போனுக்கும் பெஞ்சுக்கும் கழித்தது. 2023 வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் தொந்தரவு வரவில்லை என்றாலும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருதடவை கொண்டுபோய் எர்த் இரண்டையும் லோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து நிமிஷ வேலை, அந்த 200 ரூபாய்தான். காலை ஒன்பதரைக்குத் திறப்பார், மதியம் ஒன்றரைக்குச் சாப்பிடப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார், ஞாயிறு லீவு. சனிக்கிழமை கூட்டம் அதிகம், செவ்வாய் புதனில் போனால் உடனே பார்ப்பார்.